திருப்பிப் போடாத பக்கம்

ஐம்பத்தெட்டு வயதில் எனது வலது காது என்னை முந்திக்கொண்டு ஓய்வு பெற்றது. ஒற்றைக் காதோடு ஓர் ஒலிப்பதிவாளனை வைத்து என்ன செய்வது என்று நான் வேலை செய்த கூடத்தினரும் யோசித்திருப்பார்கள். மரியாதை தெரிந்தவர்கள், மாலை போட்டு அனுப்பினார்கள். பிரிவுபசார மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டும், யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் ட்றம் புரோகிராம் செய்த கதையை எழுதவேண்டும் என்று இளையவர்கள் கேட்டார்கள். அவர்கள் இப்போது மடிக்கணினித் திரையில் கட்டம் கட்டமாகத் தட்டி, ஒரு முழு ட்றம்காரனை அரை மணித்தியாலத்தில் உண்டாக்கிவிடுகிறார்கள். பிடிக்காவிட்டால் ஒரு விசையை அழுத்துகிறார்கள். செய்தது செய்யாததாகிவிடுகிறது. அந்த விசையைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றை எழுதினால் மலர் கருகிவிடும் என்று பயந்து, அவர்களுக்கு இரண்டு பக்கத்தில் சிரிப்பாக எதையோ எழுதிக் கொடுத்தேன். இது அப்போது எழுதாமல் விட்டது.

என்னை வேலைக்கு எடுத்தவர் நாயகம் அண்ணை. அளவெட்டியில் பிறந்து, தவில் கேட்டு வளர்ந்து, கொழும்பில் ஒலிப்பதிவுத் தொழில்நுட்பவியலாளராக இருந்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். அந்தக் கப்பலில் வந்தவர்கள் கைக்கு அகப்பட்டதைக் கொண்டு வந்தார்கள். அண்ணையின் கைக்கு அகப்பட்டது, தலையணை உறைக்குள் சுற்றிய ஒரு ரிதம் பொக்ஸ். பிஸ்கற் பெட்டி அளவில் ஓர் இயந்திரம். அடித்து வைத்த தாளத்தை மறக்காமல் திருப்பி அடிக்கும். அண்ணையின் மனைவி ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லையாம். கதைக்கத் தொடங்கியபோது முதலில் சொன்னது, "என்ரை கூறைச் சேலையை விட்டிட்டு உந்த டும்-டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த மனிசன்" என்பதுதான். பிறகு ஜேர்மனியிலிருந்த தம்பியார் நான்கு தடத்தில் பதியும் கசெற் மெசின் ஒன்று அனுப்பினார். கொக்குவிலில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த அவர் வீட்டின் பின்னறை ஒலிப்பதிவுக் கூடமாயிற்று. சுவர் முழுக்கச் சாக்கு, கதவில் தும்பு மெத்தை. உள்ளே பாடுகிறவர்கள் பாட்டு முடிவதற்குள் அவிந்துவிடுவார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் பொங்கஸ் வாசித்தவன். எனக்குத் தாள ஞானம் உண்டு என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை வேறு எவரும் பகிர்ந்துகொள்ளவில்லை. பரீட்சையும் பகிர்ந்துகொள்ளாததால் எண்பத்தாறில் அண்ணையிடம் போய் நின்றேன். முதல் ஆறு மாதம் ரயில் நேரங்களை மனப்பாடம் செய்வதுதான் என் வேலை. ரயில் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பு பாட்டை நிறுத்தவேண்டும். தொண்ணூறில் சண்டை மூண்டு ரயில் அடியோடு நின்றபோது எங்கள் தொழிலுக்கு அது பெரிய வசதியாகப் போயிற்று. அவ்வளவு கெட்ட வசதியை நான் பிறகு அனுபவித்ததில்லை.

அந்த வருடமே மின்சாரமும் நின்றது. நாங்கள் கார் பற்றரியில் மெசினை ஓட்டினோம். ரிதம் பொக்ஸ் தன் ஞாபகத்தை வைத்திருப்பதற்கு மூன்று சின்னப் பற்றரி வேண்டும். பற்றரி அரசாங்கத்தின் தடைப்பட்டியலில் இருந்த பொருள். ஆகவே ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுநாள் பிறந்த குழந்தை மாதிரி விழித்துக்கொண்டிருக்கும். அண்ணை கணக்குக் கொப்பியில் எழுதத் தொடங்கினார். ஓர் ஆவர்த்தனத்துக்குப் பதினாறு சதுரம். மேல் வரி ஹை-ஹற், நடு வரி ஸ்நெயர், அடி வரி பேஸ் ட்றம். அடி விழும் சதுரத்தில் ஒரு புள்ளி, பலத்து விழுந்தால் தடித்த புள்ளி. ஒரு பாட்டுக்கு ஐந்தாறு பக்கம் வரும். தினமும் காலையில் நான் அந்தப் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்துப் பெட்டிக்குள் தட்டவேண்டும். நேற்றுச் செய்த வேலையை இன்றைக்கு முதலிலிருந்து செய்கிற உத்தியோகம். இலக்கியத்தில் அதற்குப் பெரிய அர்த்தம் சொல்வார்கள். எனக்கு விரல் நுனிதான் காய்த்தது.

அண்ணை ஒருபோதும் சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார். நான் போட்ட தாளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "உதுக்கு மூச்சு இல்லைத் தம்பி" என்பார். பிறகு கொப்பியை எடுத்து, ஒரு புள்ளியை அழிறப்பரால் அழிப்பார். கூட்டியதை நான் கண்டதில்லை; எப்போதும் அழிப்புத்தான். அந்த ஓர் அடி போனதும் தாளம் நிமிர்ந்து நடக்கும். நன்றாயிருந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அதுதான் பாராட்டு. கோபம் வந்தால் மெசினின் பதிவுத் தலையைத் துடைக்கத் தொடங்குவார். ஸ்பிரிற் கிடைக்காத காலம். மனைவிக்கு யாரோ கொடுத்த ஓடிக்கொலோனைப் பஞ்சில் நனைத்துத் துடைப்பார். அறை வாசனையாக இருந்தால் நான் ஏதோ பிழை விட்டிருக்கிறேன் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும்.

வெளியாள் ஒருவரின் கசெற் வந்தால் செய்யவேண்டியவற்றை அவர் மட்டையில் எழுதிச் சுவரில் குத்தியிருந்தார். ஒன்று, தலையைத் துடை. இரண்டு, நான்கு தடத்தையும் முழுதாகக் கேள். மூன்று, எங்கள் ரேப்பில் ஒரு பிரதி (கொப்பி) எடு. அதற்குப் பிறகுதான் சிவப்புப் பொத்தான்.

தொண்ணூற்றிரண்டில் இணுவிலிலிருந்து செல்லத்துரையர் வந்தார். வாழையும் புகையிலையும் செய்கிறவர். முந்திய வருடம் அவருடைய ஒரே மகன், இருபது வயது, சந்தையால் வரும்போது செல் குண்டு விழுந்து செத்துப்போனான். அவன் பாட்டுக் கட்டிப் பாடுகிறவன். வீட்டிலிருந்த கசெற் ரேடியோவில் ஆறு பாட்டுப் பதிந்து வைத்திருந்தான். வாத்தியம் ஒன்றும் இல்லை, குரல் மட்டும். அவன் செத்து ஒரு வருடம் நிறையும் ஆட்டைத் திவசத்துக்கு முதல் அவற்றுக்கு மியூசிக் போட்டுத் தரவேண்டும் என்றார். கசெற்றை மடியிலிருந்து எடுத்துத் தந்தவர், திரும்பவும் வாங்கி, ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தப் பக்கம்தான் பாட்டு. மற்றப் பக்கத்திலை ஒண்டும் செய்யவேண்டாம் தம்பி. அது சும்மா அவன்ரை கதை. தாயோடை பகிடி விட்டது, தேத்தண்ணி கேட்டது. மனிசி கேக்கிறவள்."

நான் சொன்னேன்: "நாங்கள் திருப்பிப் போடவே மாட்டம் ஐயா. பயப்பிடாதேங்கோ."

அந்த வாக்கை நான் கடைசிவரை காப்பாற்றினேன். அதுதான் விசயம்.

அந்தப் பையனின் பாட்டுக்குத் தாளம் போடுவது இலேசாக இருக்கவில்லை. ரிதம் பொக்ஸ் ஒரே வேகத்தில் நடக்கும். அவனோ தனியே பாடியவன். தனக்குப் பிடித்த வரி வந்தால் ஓடுவான், துக்கமான வரியில் நின்று யோசிப்பான். மூன்று கிழமை நான் கைக்கடிகாரத்தோடு அவன் குரலுக்குப் பின்னால் திரிந்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு வேகம் குறித்துக் கொப்பியில் எழுதினேன். எந்த இடத்தில் மூச்சு எடுப்பான், எந்த இடத்தில் சிரிப்பை அடக்குவான் என்றெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் உயிரோடு இருந்து ஒருநாள் என் முன்னால் வந்திருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன். அவனுக்கு நான் யாரென்று விளங்கியிராது.

பதிவுக்குக் குறித்த நாளில் அண்ணை அளவெட்டிக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தார். பற்றரியில் மிச்சம் இருந்தது ஒரு மணித்தியால ஓட்டம். திரும்ப நிரப்புவதற்கு ஜெனரேற்றர் வைத்திருக்கும் கடைக்காரர் இரண்டு கிழமை தவணை சொல்லியிருந்தார். அதற்குள் திவசம் வந்துவிடும். கசெற்றின் ஒரு பக்கம் அரை மணித்தியாலம். முதல் ஓட்டத்தில் நான்காம் தடத்தில் ஒரு கீச்சுச் சத்தத்தைப் பதியவேண்டும். ரிதம் பொக்ஸ் அந்தக் கீச்சைக் கேட்டுத்தான், பாட்டில் தான் எங்கே நிற்கிறது என்று அறிந்துகொள்ளும். இரண்டாம் ஓட்டத்தில் மூன்றாம் தடத்தில் தாளம். இரண்டு அரை, ஒரு மணித்தியாலம். கேட்பதற்கும் கொப்பி எடுப்பதற்கும் பற்றரியில் இடமில்லை. கொப்பி எடுக்க ரேப்பும் இல்லை. கடைசி வெற்றுக் கசெற்றை அண்ணை முடிவுப் பிரதிக்கென்று பொத்தி வைத்திருந்தார். சுவரில் இருந்த மட்டையைப் பார்த்தேன். எழுதியவரே இன்று இருந்தாலும் இதைத்தான் செய்வார் என்று எனக்கு நானே சொன்னேன். வாழ்க்கையில் நான் செய்த மடத்தனங்கள் எல்லாவற்றையும் இந்த வசனத்தைச் சொல்லிவிட்டுத்தான் செய்திருக்கிறேன்.

சிவப்புப் பொத்தானை அமத்தினேன். நன்றாகவே செய்தேன். அந்தப் பையன் ஓடிய இடத்தில் தாளமும் ஓடியது, அவன் நின்ற இடத்தில் நின்றது.

மறுநாள் அண்ணை அளவெட்டியில் இரவல் வாங்கிய ஒரு பற்றரியோடு வந்தார். மெசினை ஓடவிட்டு முதல் பாட்டைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஆறு வருடத்தில் ஏழாவதோ எட்டாவதோ தடவை. பிறகு, சும்மா கேட்கிறவர் மாதிரி, "கொப்பி எடுத்த ரேப்பிலைதானே செய்தனீர்?" என்றார்.

இல்லை என்றேன். காரணம் சொன்னேன். அவர் கண்ணாடியை எடுத்துத் திரும்பப் போட்டார். கசெற்றை வெளியே எடுத்தார், மறுபக்கம் திருப்பினார், மூலையில் இருந்த சாதாரண ரேடியோவில் போட்டு ஓடவிட்டார்.

தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கசெற்றுக்கு இரண்டு பக்கம் என்பது பேச்சுக்குத்தான். ரேப் ஒன்றே ஒன்று. அதன் மேல் பாதியில் ஒரு பக்கமும் கீழ்ப் பாதியில் மற்றப் பக்கமும், ஒன்று போகும் திசைக்கு மற்றது எதிராக, அருகருகே படுத்திருக்கின்றன. எங்கள் மெசின் முழு அகலத்தையும் நான்கு தடமாகப் பார்க்கும். முதல் இரண்டு தடமும் இந்தப் பக்கம்; மூன்றும் நான்கும், திருப்பிப் போடாமலே, மற்றப் பக்கம். இது எனக்குத் தெரியாததல்ல. ஆறு வருடமாகத் தெரியும். ஆனால் வெளியாளின் கசெற்றை நாங்கள் ஒருநாளும் நேரே பயன்படுத்தாததால், அந்த அறிவுக்கு வேலை இருக்கவில்லை. மூளையில் எங்கோ ஒரு மூலையில் நித்திரை கொண்டது.

ரேடியோவில் என்னுடைய தாளம் வந்தது. பின்பக்கமாக. அடி ஒவ்வொன்றும் எங்கிருந்தோ தொடங்கி, பெருத்து, டப்பென்று உள்ளுக்கு இழுபட்டது. யாரோ மூச்சை வாங்கி வாங்கி அடக்குவதுபோல. அதற்குப் பின்னால் கீச்சு. பையனின் கதையோ, பகிடியோ, தேத்தண்ணியோ இல்லை. அண்ணை ரேப்பை முன்னுக்கு ஓட்டினார், பின்னுக்கு ஓட்டினார். கடைசியில் நிறுத்திவிட்டு, பஞ்சை எடுத்து, துடைத்த தலையைத் திரும்பத் துடைத்தார். அன்று ஓடிக்கொலோன் முடிந்துபோயிற்று.

"ஆர் பொத்தானை அமத்தினது?"

"நான்தான் அண்ணை."

"அப்ப நீர்தான் போய்ச் சொல்லவேணும்."

செல்லத்துரையரைத் தோட்டத்தில் கண்டேன். வாழைப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். நான் சொல்லி முடிக்கும்வரை மண்வெட்டியைக் கையிலிருந்து விடவில்லை. ஒரு பாத்தி நிரம்பி வழிந்தது. அதை வெட்டி மற்றதற்கு மாற்றிவிட்டுத்தான் பேசினார்.

மனைவிதான் அந்தப் பக்கத்தைக் கேட்கிறவர். ரேடியோவுக்குப் பற்றரி இல்லையென்று மகனின் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கேட்பாராம். மெல்லச் சுற்றினால் பையனின் குரல் கிழவன் குரலாகும், கெதியாகச் சுற்றினால் குஞ்சுக் குரலாகும். அவருக்குக் கை பழகிவிட்டது. அவனுடைய குரல் எதுவோ அந்த வேகத்தில் சுற்றுவார். மூன்று கிழமையாக நான் கடிகாரத்தோடு மாரடித்த வேலையை அந்த அம்மா ஒரு வருடமாக வெறுங்கையால் செய்துவந்திருக்கிறார்.

"நீங்கள் கேக்கிறேல்லையோ ஐயா?" என்று கேட்டேன்.

"நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் சுத்தத் தொடங்க நான் தோட்டத்துக்கு வந்திடுவன்." கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். "அவளுக்குச் சொல்லவேண்டாம் தம்பி. ரேப் நைஞ்சு போச்சு, சுத்தினால் அறுந்திடும், அதாலை உங்களிட்டையே பத்திரமா இருக்கட்டும் எண்டு சொல்லுறன். நீரும் அப்பிடியே சொல்லும்."

அண்ணையிடம் வந்து சொன்னேன். அவர் நல்லதென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. அந்தக் கசெற்றை ஒரு தகர டப்பாவில் போட்டு அலுமாரியில் வைத்தார்.

திவசத்துக்குப் பாட்டுக்களைப் போட்டார்கள். சனம் அழுதது. என் தாளத்தைப் பலர் பாராட்டினார்கள். அந்த அம்மா என் அருகே வந்து, "மற்றது பத்திரமாக் கிடக்கோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் அம்மா என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம். கந்தசாமி கோவில் வீதியில் கண்டால் கேட்பார், ஓம் அம்மா. சந்தையில் கண்டால் கேட்பார், ஓம் அம்மா. நான் இணுவில் பக்கம் போவதைக் குறைத்து, மருதனார்மடத்துக்குப் போவதென்றாலும் சுற்றுப்பாதையால் போனேன். அப்போது அவர் புருசனிடம் கொடுத்து வாழைப்பழம் அனுப்பத் தொடங்கினார். கசெற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிற பிள்ளைக்கு ஒரு சீப்புக் கதலி. செல்லத்துரையர் என் முகத்தைப் பாராமல் தந்துவிட்டுப் போவார். நான் அவற்றைச் சாப்பிட்டேன். எறிந்தேன் என்று எழுதினால் நன்றாயிருக்கும். ஆனால் நல்ல பழம்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி முடிவில், இராணுவம் நெருங்கிவர, வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தது. அதைப் பலர் எழுதிவிட்டார்கள். நடக்கத் தெரிந்தவர்கள் எழுதட்டும். நான் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் குடும்பத்தோடு கிடந்தேன். அண்ணை முந்திய வருடமே பிள்ளைகளிடம் கொழும்புக்குப் போயிருந்தார். அலுமாரித் திறப்பு என்னிடம்தான் இருந்தது. மூன்றாம் நாள், தண்ணீர் வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தார். செல்லத்துரையரின் மனைவி.

"தம்பி, கசெற் கொண்டு வந்தனீரோ?"

மனிதனுக்குப் போர் செய்யும் உதவிகள் குறைவு. அன்று எனக்கு அது ஒரு நல்ல பொய்யைத் தட்டில் வைத்து நீட்டியது. அவசரத்தில் கொக்குவிலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்றேன். அவர் வாளியை நிரப்பிக்கொண்டு போனார். மூன்று வருடத்துக்குப் பிறகு நான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

அடுத்த நாள் காலை செல்லத்துரையர் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். ஹான்டிலில் ஒரு பை. எங்கே என்று கேட்டேன்.

"கொக்குவிலுக்கு. அவள் போய் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுறாள். அலுமாரித் திறப்பைத் தாரும்."

சாமான் எடுக்கவென்று திரும்பிப் போனவர்கள் சிலர் வந்திருந்தார்கள். சிலர் வரவில்லை. மேற்கே விட்டு விட்டுச் செல் சத்தம் கேட்டது. அவன் கதை இல்லாத கசெற்றை எடுக்க ஏன் ஐயா போகிறீர்கள், சந்தியில் ஒரு மரத்தின் கீழ் பின்னேரம்வரை இருந்துவிட்டு வந்து கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள் என்றேன். அவர் பம்பைக் கழற்றினார்.

"ஏலாது தம்பி. முப்பது வரியம் என்னோடை இருந்தவள். போனவன்ரை முகமும் போகாதவன்ரை முகமும் அவளுக்குத் தெரியும்."

நான் திறப்பைக் கொடுக்கவில்லை. கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வகுப்பறையின் மூலையில் அந்த அம்மா ஒரு பனம்பாயில் இருந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முன்னால் குந்தினேன். அழகாகச் சொல்வதற்கு நான் ஒத்திகை பார்த்த வசனங்கள் மூன்று வருடத்தில் ஏராளம். ஒன்றும் வரவில்லை. தொழில்காரன் மாதிரித்தான் சொன்னேன்: நான்கு தடம், கீச்சு, தாளம், திருப்பாமலே அழிந்தது, ஐயாவுக்குத் தெரியும், ஐயாவைப் போகவிட வேண்டாம்.

அவர் கை அரிசியில் நின்றது. செல்லத்துரையர் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். ஐயா பார்வையைத் தாழ்த்தினார். அந்தக் கணக்கு அவர்களுக்குள் அப்படியே முடிந்தது. பிறகு அம்மா என்னிடம் திரும்பினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம்.

"அழிக்கிறதுக்கு முதல் நீர் அதைக் கேட்டனீரோ?"

"இல்லை அம்மா."

"ஒருக்காலும்?"

"இல்லை."

அவர் சுளகை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் உமக்கும் கொஞ்சம் ஞாபகம் இருந்திருக்கும். இப்ப அவன் கதைச்சது எனக்கு மட்டுந்தான் தெரியும்."

செல்லத்துரையர் என்னைத் தாண்டிப் போய், பாயின் ஓரத்தில், மனைவிக்குப் பக்கத்தில் இருந்தார். இத்தனை காலமும் தோட்டத்துக்கு எழும்பிப் போன மனிதர். சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குச் சொல்லு" என்றார்.

அந்த அம்மா மெல்லத் தொடங்கினார். முதல் சொல் "அம்மா" என்று இருந்தது. அது அவருடைய குரல் அல்ல, மகன் கூப்பிடுகிற விதம். நான் எழும்பி வெளியே வந்து சைக்கிளைச் சுவரோடு சாத்தினேன். இரண்டாம் முறையும் நான் அதைக் கேட்கவில்லை.